பழைய குடும்பக் கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் சேசிஸ் நம்பரைக் கேளுங்கள்

நான் வாங்கிய முதல் பழைய கார், ஏழு பேர் உட்காரும் வண்டி. பெயின்ட்டைத் தடவிப் பார்த்தேன், ஏ.சி.யைப் போட்டுப் பார்த்தேன், பின் சீட்டில் பிள்ளைகளை ஏற்றி இடம் போதுமா என்று பார்த்தேன். கூட வந்த மெக்கானிக் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார். பதினான்கு மாதம் ஓட்டிய பிறகு வேறு ஏதோ வேலைக்காகச் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் சேசிஸ் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சார், இந்த வண்டிக்கு ஏர்பேக் ரீகால் பாக்கி இருக்கே, உங்களுக்கு லெட்டர் வரலையா?” என்றார். லெட்டர் போயிருக்கிறது, முதல் உரிமையாளர் என்றைக்கோ காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்கு.

அன்றிலிருந்து பழைய கார் பார்க்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும், வண்டியைப் பார்க்கும் முன் நம்பரைப் பார் என்றுதான் சொல்கிறேன். மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். காரிலும் அப்படிக் கையால், காதால், மூக்கால் பிடிபடும் கோளாறுகள் நிறைய உண்டு. ஆனால் ஏர்பேக்கை ஊத வைக்க உள்ளே அடைத்திருக்கும் வெடிமருந்து கெட்டுப்போயிருக்கிறதா என்று எந்த மெக்கானிக்காலும் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. அது தயாரிப்பாளரின் பதிவேட்டில்தான் இருக்கும்.

ரீகால் என்றால் என்ன

முழு வண்டியையும் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட ஆலையில் செய்த வண்டிகளில் பாதுகாப்பு தொடர்பான ஒரு குறை இருப்பதைத் தயாரிப்பாளர் தானாகவோ அரசு சொல்லியோ ஒப்புக்கொண்டு, அதை இலவசமாகச் சரிசெய்து தருவதுதான் ரீகால். ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒரே நிறத்தில் இரண்டு கார்கள் பக்கத்தில் நிற்கும். ஒன்றுக்கு ரீகால் இருக்கும், மற்றதுக்கு இருக்காது. மாடல் பெயரை வைத்துத் தேடினால் பொதுவான பயம்தான் மிஞ்சும். வண்டியின் நம்பரை வைத்துத் தேடினால்தான் பதில் கிடைக்கும்.

ரீகாலுக்குக் கீழே இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. புதிதாக வாங்குகிறவர்கள் கேட்க மறப்பது இவற்றைத்தான். ஒன்று சர்வீஸ் புல்லட்டின்: ‘இந்த மாடலில் இந்தச் சத்தம் வந்தால் இப்படிச் சரிசெய்யுங்கள்’ என்று கம்பெனி தன் பட்டறைகளுக்கு அனுப்பும் குறிப்பு. உரிமையாளருக்குக் கடிதம் வராது. வாரன்டி முடிந்திருந்தால் செலவும் நம்முடையது. இரண்டாவது வாரன்டி நீட்டிப்பு: ஒரு கியர்பாக்ஸோ இன்ஜின் பாகமோ அளவுக்கு மீறிப் பழுதாகும்போது, அந்தப் பாகத்துக்கு மட்டும் கூடுதல் ஆண்டுகள் தருவார்கள். அதனால் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டால் மூன்றையும் ஒரே மூச்சில் கேளுங்கள்: “இந்தச் சேசிஸ் நம்பருக்கு ரீகால், புல்லட்டின், வாரன்டி நீட்டிப்பு ஏதாவது இருக்கா?” ரீகால் இருக்கா என்று மட்டும் கேட்டால், இல்லை என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

நம்பரை எடுப்பது

1981-லிருந்து அமெரிக்காவிலும், பிறகு உலகின் பெரும்பாலான நாடுகளிலும் கார்களுக்கு 17 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் உண்டு. சிலர் வின் நம்பர் என்பார்கள், சிலர் சேசிஸ் நம்பர் என்பார்கள். அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக் கூடாது என்று விட்டுவிட்டார்கள். விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நம்பரில் ஓ இருந்தால் அது தப்பாக எழுதியது. தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள், போட்டோ கேளுங்கள்.

நம்பர் ஓரிடத்தில் மட்டும் இருக்காது. முன் கண்ணாடியின் கீழ் மூலை, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் உள்ள ஸ்டிக்கர், பானட்டுக்கு உள்ளே அல்லது முன் சீட்டின் கீழே தகட்டில் பொறித்த எழுத்து, அப்புறம் பதிவுப் புத்தகம். நான்கும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும், தகட்டைச் சுற்றி வெல்டிங் தழும்போ புதுப் பெயின்ட்டோ தெரிந்தாலும், பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்து, பிறகு வேறு நாட்டுக்கு இறக்குமதியான கார்களுக்கு இந்த 17 எழுத்து இருக்காது. மாடல் குறியீடு, ஒரு கோடு, அதன் பின் வரிசை எண் என்று சிறிய ஃபிரேம் நம்பர்தான் இருக்கும். அதை உங்கள் நாட்டுத் தேடுதளத்தில் போட்டால் ஒன்றும் வராது. வராததால் ரீகால் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜப்பானியத் தயாரிப்பாளர்களின் சொந்த ஜப்பானியத் தளங்களில் ஃபிரேம் நம்பரைப் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. மொழிபெயர்ப்புக் கருவியைத் திறந்துவைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

எங்கே தேடுவது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் நடத்தும் தளத்தில் 17 எழுத்தைப் போட்டால் செய்யாமல் விட்ட ரீகால் தெரியும். பிரிட்டனில் வண்டியின் பதிவு எண்ணே போதும். எந்த நாடானாலும் தயாரிப்பாளரின் தளம், சர்வீஸ் கவுண்டர் இரண்டும் உண்டு. நான் இரண்டிலும் கேட்பேன். சில சமயம் ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்காது.

பதிலைப் படிப்பது

‘பாக்கி எதுவும் இல்லை’ என்று வந்தால் பாதி நிம்மதி. புதிதாக அறிவித்த ரீகாலில் எந்தெந்த நம்பர்கள் அடங்கும் என்ற பட்டியல் ஏற்றப்படச் சில வாரங்கள் ஆகலாம். அமெரிக்கத் தளம் 15 ஆண்டுக்கு மேற்பட்ட பழைய ரீகால்களைக் காட்டாது. ஆகவே வாங்குவதற்கு முன் ஒருமுறை, வாங்கிய பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை பாருங்கள்.

‘பாக்கி இருக்கிறது’ என்று வந்தால் உடனே பின்வாங்க வேண்டாம். ரீகால் வந்து சரிசெய்த கார், வராத காரைவிட எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல. உரிமையாளர் எத்தனையாவது ஆள், இதுவரை வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தாரா என்பதெல்லாம் ரீகால் வேலைக்குப் பொருட்டில்லை. விற்பவரிடம், “முதலில் இதை முடித்துக் கொடுங்கள், ரீகால் எண் போட்ட ஜாப் ஷீட்டைக் காட்டுங்கள், பிறகு முன்பணம் தருகிறேன்” என்று சொல்லலாம். நேர்மையான ஆள் என்றால் ஒரு நாள் வேலை. ‘அதெல்லாம் சும்மா, ஒண்ணும் ஆகாது’ என்று மழுப்பினால், வேறு எதையெல்லாம் இப்படி ‘சும்மா’ என்று விட்டிருப்பார் என்று யோசிக்க வேண்டியிருக்கும். டீலர் கடையில் வாங்கினால் பார்த்துத்தான் விற்பார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டாம். ரீகால் பாக்கியுள்ள வண்டியை வாடகைக் கார் கம்பெனிகள் வெளியே விடக் கூடாது என்று அமெரிக்கா 2015-ல் சட்டம் போட்டது. பழைய கார் டீலர்களுக்கு அந்த மத்தியச் சட்டத் தடை இல்லை.

எல்லா ரீகாலும் ஒரே எடை அல்ல. வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரில் எழுத்துப் பிழை என்பதற்குக்கூட ரீகால் வந்ததுண்டு. ஏர்பேக், ஸ்டியரிங், பிரேக், எரிபொருள் கசிவு, தீ ஆகிய சொற்கள் இருந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். ‘ஓட்டாதீர்கள்’ என்றோ ‘வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள்’ என்றோ அறிவிப்பில் இருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். 2023 செப்டம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் 33 லட்சத்துக்கும் அதிகமான கார்களை வீட்டுக்கு வெளியே நிறுத்தச் சொன்னார்கள். பிரேக் கட்டுப்பாட்டு யூனிட்டுக்குள் திரவம் கசிந்து ஷார்ட் சர்க்யூட் ஆனால், அணைத்து நிறுத்திய காரிலும் தீப்பிடிக்கலாம் என்பது காரணம்.

ஏர்பேக் தயாரித்த டகாட்டா நிறுவனத்தின் விவகாரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கண்ணில் படும் பத்து, பதினைந்து ஆண்டுப் பழைய காரில் அதுதான் அதிகம் தட்டுப்படும். 2008-ல் சுமார் 4,000 ஹோண்டா கார்களோடு தொடங்கிய ரீகால், பிறகு பல கம்பெனிகளுக்கும் பரவி, உலகம் முழுக்க சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்கள் (ஏர்பேக்கை ஊத வைக்கும் குடுவைகள்) என்ற அளவுக்குப் போனது. கார் வரலாற்றில் இதைவிடப் பெரிய ரீகால் கிடையாது. டகாட்டா நிறுவனம் 2017-ல் திவாலானது. ஏர்பேக்கை ஊத வைக்க அவர்கள் பயன்படுத்தியது அம்மோனியம் நைட்ரேட். காற்றின் ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பல ஆண்டு பட்டால் அந்த மருந்து வில்லைகள் நொறுங்கித் தூளாகும். தூளானது வேண்டிய வேகத்தைவிட வேகமாக எரியும். பையை ஊத வேண்டிய உலோகக் குடுவையே வெடித்துத் துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாயும். சின்ன மோதலில் பிழைத்திருக்க வேண்டியவர்கள் இதனால் இறந்தார்கள். புழுக்கமான கடலோரத்தில் வெயிலில் நின்ற வண்டிக்கு ஆபத்து அதிகம் என்பதால், கார் எந்த ஊரில் எப்படி வளர்ந்தது என்பதும் முக்கியம். இன்னொரு சிக்கல்: தொடக்கத்தில் சில கார்களில் பழைய இன்ஃப்ளேட்டரை எடுத்துவிட்டு அதே வகைப் புதியதைத் தற்காலிகமாக வைத்தார்கள். அவற்றை மறுபடியும் மாற்ற வேண்டும். ‘ஏர்பேக் மாத்தியாச்சு’ என்று விற்பவர் சொன்னால், எப்போது, எந்த ரீகால் எண்ணில் என்று கேளுங்கள்.

வண்டி குளிர்ந்திருக்கும்போது போங்கள்

வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். போனதும் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கப்படுகிறது, அல்லது அவர் இப்போதுதான் கடைக்குப் போய் வந்தார். கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளில் சங்கிலி குலுங்குவது போலக் கடகடவென்று சத்தம் வந்தால் டைமிங் செயின், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் சங்கிலி, தளர்ந்திருக்கலாம். சங்கிலிக்குப் பதில் பெல்ட் உள்ள இன்ஜினில் சத்தம் எதுவும் கேட்காது. பல இன்ஜின்களில் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி இன்ஜினே போய்விடும். கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டிய பொருள் அது. மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். சில புதிய சிறிய இன்ஜின்களில் பெல்ட் எண்ணெயில் நனைந்தபடியே ஓடுகிறது. தவறான எண்ணெய் ஊற்றினாலோ நாள் கடத்தினாலோ பெல்ட் உரிந்து, அந்தத் துணுக்குகள் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும்.

சைலன்சரில் வரும் புகையின் நிறம் பேசும். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. கருப்பு என்றால் எரிபொருள் அதிகம். சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை ஓயாமல் வந்து, இனிப்பு வாடையும் அடித்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் எரிகிறது, இன்ஜினின் மேல் பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். எண்ணெய் மூடிக்கு அடியில் மோர்க்குழம்பு நிறத்தில் படிந்திருந்தால் எல்லோரும் பதறுவார்கள். குறுகிய தூரமே ஓடிய காரில் வெறும் ஈரத்தாலும் அது வரும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் பதற வேண்டும்.

சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அது இன்னும் மோசம், யாரோ விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். விளக்கு எரிவதோடு ஹாரனும் ஸ்டியரிங் பட்டன்களும் வேலை செய்யவில்லை என்றால் ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் கேபிள் அறுந்திருக்கும். குடும்பக் காரில் மிகச் சாதாரணமான இன்னொரு காரணம் முன் சீட்டின் கீழே உள்ள வயர் இணைப்பு: பின்னால் உட்காரும் பிள்ளைகள் காலால் உதைத்தே அதைக் கழற்றிவிடுவார்கள்.

பின் சீட்டில் கால் மணி நேரம்

கார் பார்க்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பின் சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்ப்பதோடு சரி. உங்கள் பிள்ளைகள் உட்காரப் போகும் இடம் அது, கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

ஒவ்வொரு சீட் பெல்ட்டையும், மூன்றாவது வரிசை உட்பட, கடைசி வரை இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். விட்டால் தானே உள்ளே போக வேண்டும். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறையோ நீர் நின்ற கோடோ தெரிந்தால் கார் வெள்ளத்தில் நின்றிருக்கிறது. பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் துணிச் சீட்டில் தயாரித்த தேதி இருக்கும். கார் பிறந்த ஆண்டுக்கும் அதற்கும் இடைவெளி இருந்தால் விபத்தில் பெல்ட் மாறியிருக்கலாம். அப்படியானால் ஏர்பேக்கும் விரிந்திருக்கலாம், அதற்குப் பதில் என்ன வைத்தார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

குழந்தை இருக்கை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளை விரலால் தடவிப் பாருங்கள், வளைந்திருக்கக் கூடாது. முடிந்தால் உங்கள் இருக்கையைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். சைல்ட் லாக்கைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து கதவைத் திறக்க முயலுங்கள். மின்சாரச் சறுக்குக் கதவு என்றால், மூடும் வழியில் உருட்டிய துண்டை வைத்து அது பின்வாங்குகிறதா என்று பாருங்கள், கையை வைக்காதீர்கள்.

தரை விரிப்பைத் தூக்கி அடியில் ஈரம் இருக்கிறதா, டிக்கியில் ஸ்பேர் டயர் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சன்ரூஃப் உள்ள காரில் நீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேதான் இறங்கும், அங்கேதான் வயர்களும் இருக்கின்றன. ஓட்டுநர் பக்க விரிப்பு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கிடந்தால் எடுத்துப் போடுங்கள். 2009, 2010-ல் டொயோட்டா செய்த பெரும் ரீகால்களில் ஒன்று விரிப்பு ஆக்சிலரேட்டரில் சிக்குவது பற்றியதுதான்.

ஓட்டிப் பார்ப்பது

பாட்டை அணைத்துவிடுங்கள், விற்பவரின் பேச்சையும் மெதுவாக நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை மிதித்தபடி முன்னே போகும் டி-யிலிருந்து பின்னே போகும் ஆர்-க்கு மாற்றுங்கள். ஒரு விநாடிக்கு மேல் யோசித்தாலோ இடித்துக்கொண்டு விழுந்தாலோ கியர்பாக்ஸ் களைத்திருக்கிறது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது உதறுவது இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸின் வழக்கமான நோய், அதனால் வெறும் சாலையில் மட்டும் ஓட்டித் திருப்திப்படாதீர்கள். ‘இந்தக் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றவே தேவையில்லை’ என்ற விளம்பர வாக்கியத்தை நான் நம்புவதில்லை.

வேகத் தடையில் டொக்கென்ற சத்தம் வந்தால் சஸ்பென்ஷனில் உள்ள புஷ்ஷோ பால் ஜாயின்ட்டோ தேய்ந்திருக்கும். வேகம் கூடக் கூட ஏறும் ஊளைச் சத்தம் பெரும்பாலும் வீல் பேரிங். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் சீராக இல்லை. இவையெல்லாம் செலவு, ஆபத்து உடனடியாக இல்லை, பேரத்தில் கழித்துக்கொள்ளலாம். ஓடும்போது இன்ஜின் தானாக அணைவது வேறு ரகம், கழித்துக்கொள்ளும் விஷயமே அல்ல. எரிபொருள் பம்ப்புக்குள் உள்ள பிளாஸ்டிக் சக்கரம் எரிபொருளை உறிஞ்சி ஊதி அடைத்துக்கொள்வதால் 2020 முதல் பல கம்பெனிகள் லட்சக்கணக்கில் கார்களைத் திரும்ப அழைத்தன. காரணம் சாவித் துளையாகவும் இருக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 2014-ல் 26 லட்சம் கார்களை அழைத்தது, சாவிக்கொத்தின் கனத்தாலோ முழங்கால் இடித்தோ சாவி தானே திரும்பி இன்ஜின் அணைந்ததால். அணைந்ததும் ஏர்பேக்கும் வேலை செய்யவில்லை. நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட சாவுகள் 124. சாவி போட்டு ஓட்டும் பழைய கார் என்றால், நிறுத்திய நிலையில் இன்ஜின் ஓடும்போது சாவியை லேசாகக் கீழே இழுத்துப் பாருங்கள். கொத்தில் கால் கிலோ சாமான் தொங்கவிடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

ஸ்கேனரும் லிஃப்டும்

சார்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காசு கொடுத்து வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவரின் நண்பர் வேண்டாம். காரின் கணினியைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரில் கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை என்று அவர் சொன்னால், ‘ரெடினெஸ்’ என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். குறியீடுகளை நேற்று யாராவது அழித்திருந்தால், கார் தன்னைத் தானே சோதிக்கும் பட்டியலில் பல வரிகள் இன்னும் முடியாமல் நிற்கும். அப்படியென்றால் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். ஸ்டெப்னியையும் பாருங்கள், பூ தேயாமலே கிழடாகிப்போன டயர் அங்கேதான் கிடக்கும்.

வாங்கிய பிறகு

பெயர் மாற்றம் முடிந்த அதே வாரத்தில் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு உங்கள் பெயர், முகவரி, போன் நம்பர், சேசிஸ் நம்பரைக் கொடுத்து உரிமையாளர் விவரத்தை மாற்றச் சொல்லுங்கள். பதிவு அலுவலகத்தில் மாறினால் அங்கேயும் தானாக மாறும் என்று நான் நம்பியிருந்தேன். பாக்கி ரீகாலுக்குப் பாகம் வரவில்லை என்றால் பெயரைப் பதிந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், மாதம் ஒருமுறை கேளுங்கள். அதுவரை அந்த ஏர்பேக்குக்கு எதிரே உள்ள சீட்டில் யாரையும் உட்கார வைக்காமல் ஓட்டலாமா, ஓட்டவே கூடாதா என்று கவுண்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என் வண்டிக்குப் பாகம் வர ஏழு வாரம் ஆயிற்று. அதுவரை முன் சீட்டில் பையை வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன்.